பட்டத்தை விட்ட பிறகுதான் ஆட்சி: பேரரசர் கோ-தோபாவும் அவர் குடும்பமும்

ஜப்பானியப் பேரரசர்களின் பட்டியலை 11ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பட்டத்துக்கு வரும்போது ஒருவருக்கு 7 வயது, அடுத்தவருக்கு 4, அதற்கடுத்தவருக்கு 3, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு வயதுக் குழந்தைகூட உண்டு. அப்பா சின்ன வயதிலேயே இறந்திருப்பார் போல என்று நினைத்துத் தேடினால், பல சமயம் அதுவும் இல்லை. அப்பா இளவயதுக்காரர், நல்ல உடல்நலத்தோடு அதே தலைநகர் கியோட்டோவில் வேறொரு மாளிகையில் இருக்கிறார். பிள்ளையை அரியணையில் உட்கார வைத்ததும் அவரேதான். நாட்டை நடத்துவதும் அவரேதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஜப்பானிய மொழியில் இன்செய் என்று பெயர். 'இன்' என்றால் பட்டம் துறந்த பேரரசர் வசிக்கும் மாளிகை, அவரையே அந்தச் சொல்லால் குறிப்பதும் வழக்கம். 'செய்' என்றால் ஆட்சி. பட்டத்தை விட்டவர் நடத்தும் ஆட்சி. வரையறை இவ்வளவுதான், ஆனால் வெறும் வரையறையாகப் படித்தால் இது மனதில் நிற்காது, ஒரு குடும்பத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் புரியும். அதற்கு கோ-தோபாவின் குடும்பத்தைவிடப் பொருத்தமான குடும்பம் கிடையாது என்பது என் எண்ணம்.

அதற்கு முன்னால் இது ஏன் தொடங்கியது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். அதற்கு முந்தைய காலத்தில் அரசவையில் கை ஓங்கியிருந்தது ஃபுஜிவாரா குலம். அவர்களுடைய வழி எளிமையானது: தங்கள் வீட்டுப் பெண்ணைப் பேரரசருக்குக் கட்டிவைப்பார்கள், பிறக்கும் பையன் தாய்வீட்டில் வளர்வான், அவன் பட்டத்துக்கு வந்ததும் தாய்வழித் தாத்தா அரசப் பிரதிநிதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வார். ஃபுஜிவாரா மிச்சினாகா என்பவர் தன் பேரன்களாகவே மூன்று பேரரசர்களைப் பெற்றவர் என்றால் பிடி எவ்வளவு இறுக்கம் என்று புரியும். 1068இல் ஃபுஜிவாரா தாய்க்குப் பிறக்காத ஒருவர், கோ-சாஞ்ஜோ, பட்டத்துக்கு வந்தார். அவர் மகன் ஷிராகாவா 1086இல் தன் சின்னப் பையனுக்குப் பட்டம் கட்டிவிட்டு விலகினார். விலகியவர் ஓய்வெடுக்கவில்லை. மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று மூன்று பேரரசர்களின் காலம் முழுக்க, 1129இல் இறக்கும்வரை, 43 ஆண்டுகள் அவர்தான் நடத்தினார்.

அதாவது தாய்வழித் தாத்தாவிடம் இருந்த அதிகாரத்தைத் தகப்பன் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அரியணையில் இருக்கும் பேரரசருக்குக் காலையிலிருந்து இரவுவரை சடங்குகள், நினைத்த இடத்துக்குப் போக முடியாது, நினைத்த ஆளைப் பார்க்க முடியாது. விலகிவிட்டால் அந்தக் கட்டு இல்லை. யாத்திரை போகலாம், தனியாகக் காவல் வீரர்களை வைத்துக்கொள்ளலாம், நிலங்களைத் தன் பெயரில் சேர்க்கலாம், தாழ்ந்த குடியில் பிறந்தாலும் திறமையானவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் விலகிய பேரரசர்கள் இரண்டு மூன்று பேர் உயிரோடு இருந்தாலும் ஆட்சி நடத்துபவர் ஒருவர்தான், அவர் பெரும்பாலும் அரியணையில் இருப்பவரின் அப்பாவாகவோ அப்பாவழித் தாத்தாவாகவோ இருப்பார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் எல்லாமே இதில்தான் நிற்கிறது.

கோ-தோபா பிறந்தது 1180இல். 'கோ' என்றால் 'பிந்தைய' என்று பொருள், தோபா என்பது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர், அதனால் இரண்டாம் தோபா என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயர் இறந்த பிறகு வைத்தது, அதற்கு ஒரு கதை இருக்கிறது, அப்புறம் வருகிறேன். அப்பா பேரரசர் தகாகுரா. பையனுக்கு ஆறு மாதம் நிறைவதற்குள், 1181 ஜனவரியில், அவர் இறந்துவிட்டார், அவருக்கே அப்போது 19 வயதுதான். குடும்பத்தின் தலைவர் தாத்தா கோ-ஷிராகாவா, அப்போது இன்செய் நடத்திக்கொண்டிருந்தவர்.

அரியணையில் இருந்தது கோ-தோபாவின் அண்ணன் அந்தோகு. அப்பா ஒருவர்தான், அம்மா வேறு. அந்தோகுவின் அம்மா தொகுகோ, போர்வீரர் குலமான தைராவின் தலைவர் கியோமோரியின் மகள். ஃபுஜிவாராக்கள் செய்ததையே கியோமோரியும் செய்தார் என்று பாருங்கள், மகளைக் கட்டிக்கொடுத்துப் பேரனை அரியணையில் ஏற்றினார். பேரனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. ஆனால் நாடெங்கும் தைராக்களுக்கு எதிராக மினாமோதோ குலம் எழுந்தது, கியோமோரியும் 1181இல் இறந்துபோனார். 1183இல் தைராக்கள் கியோட்டோவை விட்டு மேற்கே ஓடினார்கள். ஓடும்போது அந்தோகுவையும், பேரரசர் என்பதற்கு அடையாளமான மூன்று புனிதப் பொருள்களையும், அதாவது கண்ணாடி, வாள், மணிக்கல் ஆகியவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடவே மாற்றுக்கு இருக்கட்டும் என்று இன்னொரு இளவரசனையும் கூட்டிப்போனார்கள். அவர் பெயர் மொரிசாதா, கோ-தோபாவின் கூடப் பிறந்த அண்ணன். இந்தப் பெயரையும் மறந்துவிடாதீர்கள்.

தாத்தா கோ-ஷிராகாவா தப்பித்து ஒளிந்துகொண்டார். தலைநகரில் பேரரசர் இல்லை, மிச்சம் இருந்த பேரன்கள் இருவர். பழைய போர்க்கதை சொல்வது இது: முதலில் மூத்தவனைக் கூப்பிட்டார்கள், தாத்தாவைக் கண்டதும் அவன் அழுதான். அடுத்து இளையவனைக் கூப்பிட்டார்கள், அவன் நேராகப் போய் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான், தாத்தாவின் கண் கலங்கிவிட்டது. நடந்ததோ இல்லையோ, 1183இல் மூன்று வயதுக் கோ-தோபா புனிதப் பொருள்கள் எதுவும் கையில் இல்லாமல் பட்டத்துக்கு வந்தார். மேற்கே ஒரு பேரரசர், கியோட்டோவில் ஒரு பேரரசர், இருவரும் அண்ணன் தம்பி, இருவருமே பால்மணம் மாறாதவர்கள்.

1185இல் தன்-நோ-உரா கடல் போரில் தைராக்கள் அடியோடு அழிந்தார்கள். ஆறு வயது அந்தோகு பாட்டியின் கையில் கடலில் மூழ்கினான். கண்ணாடியும் மணியும் மீட்கப்பட்டன, வாள் கிடைக்கவே இல்லை. தொகுகோவைத் தண்ணீரிலிருந்து இழுத்துப்போட்டார்கள், அவர் துறவியாகி கியோட்டோவுக்கு வடக்கே ஓஹாரா மலைப்பகுதியில் ஜக்கோ-இன் என்ற சிறிய மடத்தில் வாழ்ந்தார். கோ-தோபா பிற்காலத்தில் வாள்கள்மேல் தீராத பற்று கொண்டவர், நாட்டின் சிறந்த கொல்லர்களை முறைவைத்து வரவழைத்து வாள் அடிக்கச் செய்தார், தானே பட்டறையில் நின்று பதம் பார்த்ததாகச் சொல்வார்கள். கடலில் போன அந்த வாளின் குறை அவர் மனதில் இருந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

1192இல் தாத்தா இறந்தார். அதே ஆண்டில் மினாமோதோ குலத் தலைவர் யோரிதோமோ ஷோகன், அதாவது போர்வீரர்களின் தலைமைத் தளபதி, என்ற பட்டம் பெற்றார். கிழக்கே காமாகுராவில் போர்வீரர்களின் அரசு, மேற்கே கியோட்டோவில் பேரரசரின் அவை, நாட்டுக்கு இரண்டு மையங்கள். கோ-தோபாவுக்கு வயது 12.

இப்போது கல்யாணக் கதைக்கு வருவோம், இன்செய் எப்படி நடக்கிறது என்பதன் உள்விவரம் இங்கேதான் இருக்கிறது. பட்டத்தரசி நின்ஷி, அரசப் பிரதிநிதியாக இருந்த குஜோ கானெசானேயின் மகள், ஃபுஜிவாரா வழிதான். இன்னொரு மனைவி சாய்ஷி. இவர் கோ-தோபாவுக்குப் பாலூட்டி வளர்த்த செவிலித்தாயின் மகள். அந்தச் செவிலித்தாய் இரண்டாவதாக மினாமோதோ மிச்சிச்சிகா என்ற பிரபுவை மணந்ததால் சாய்ஷி அவருக்கு வளர்ப்பு மகளானார். 1195இல் இரண்டு பெண்களும் கர்ப்பம். யாருக்குப் பையன் பிறக்கிறதோ அந்த வீட்டுக்கு யோகம். நின்ஷிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சில மாதங்களில் சாய்ஷிக்குப் பையன் பிறந்தான். 1196இல் கானெசானே பதவியை இழந்தார், நின்ஷி அரண்மனையை விட்டு வெளியேறினார், மிச்சிச்சிகாவின் கை ஓங்கியது. ஒரு பிரசவத்தின் விளைவு இவ்வளவும்.

அந்தப் பையன்தான் சுச்சிமிகாதோ. 1198இல், தனக்கு 17 வயதும் பையனுக்கு 2 வயதும் இருக்கும்போது, கோ-தோபா பட்டத்தை அவனுக்குக் கட்டிவிட்டு விலகினார். இனி 1221வரை 23 ஆண்டுகள் அவருடைய இன்செய்.

அந்த ஆண்டுகளில் அவர் செய்ததையெல்லாம் படித்தால் மனிதருக்கு நாளில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று மலைப்பாக இருக்கும். கீ தீபகற்பத்து மலைகளைத் தாண்டி இருக்கும் குமானோ கோயில்களுக்கு 28 தடவை யாத்திரை போனார். கால்பந்து போன்ற கெமாரி ஆட்டத்தில் கைதேர்ந்தவர், பிவா என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பார், குதிரையேற்றம், வில், நீச்சல் என்று எதையும் விடவில்லை. செவ்வந்திப்பூச் சின்னத்தின்மேல் அவருக்கு இருந்த விருப்பத்திலிருந்துதான் அது பேரரசக் குடும்பத்தின் அடையாளமாக ஆனது என்று சொல்வார்கள். ஆனால் உயிராக நினைத்தது கவிதையை. 1201இல் அரண்மனையில் கவிதைக்கென்றே ஓர் அலுவலகம் ஏற்படுத்தி, தெய்க்கா, இயெதாகா முதலிய கவிஞர்களை நியமித்து, ஷின் கோகின்ஷூ என்ற தொகுப்பை உருவாக்கச் செய்தார். 20 பகுதிகள், ஏறத்தாழ 1,980 பாடல்கள். பேரரசர் ஆணையிட்டுவிட்டு ஒதுங்கி இருப்பதுதான் வழக்கம், இவரோ தொகுப்பாளர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாடலாகத் தேர்ந்தெடுத்தார், 1205இல் முடிந்தது என்று விருந்து வைத்த பிறகும் வெட்டுவதும் சேர்ப்பதும் நிற்கவில்லை.

பிள்ளைகளிடமும் அதே கைதான். சுச்சிமிகாதோ அமைதியான சுபாவம் உள்ளவர். அடுத்த மனைவி ஷிகெகோவுக்கு 1197இல் பிறந்த ஜுந்தோகு அப்பாவைப் போலவே வேகமும் பிடிவாதமும் கொண்டவர், கவிதையிலும் கெட்டிக்காரர். அப்பாவின் மனம் இளையவன் பக்கம் சாய்ந்தது. 1210இல் எந்தக் குற்றமும் செய்யாத 14 வயது சுச்சிமிகாதோவை விலகச் சொல்லி ஜுந்தோகுவுக்குப் பட்டம் கட்டினார். இன்செய்யில் இது ஒரு தனிமனிதரை மட்டும் நகர்த்தும் வேலை இல்லை. தம்பியின் பிள்ளைதான் அடுத்து வருவான் என்றால், அண்ணன் ஒருநாளும் 'பேரரசரின் அப்பா' ஆக முடியாது. அவர் வழியே ஓரமாகப் போய்விடும். பெயருக்கு அவரும் 'விலகிய பேரரசர்'தான், கையில் எதுவும் இல்லை.

காமாகுராவோடு உறவு முதலில் நன்றாகத்தான் இருந்தது. யோரிதோமோவின் மகன், மூன்றாம் ஷோகன் சானெதோமோவுக்கு அந்தப் பெயரைச் சூட்டியதே கோ-தோபா. சானெதோமோ கவிதை எழுதுபவர், அவர் மனைவியோ கோ-தோபாவின் இன்னொரு மனைவிக்குச் சகோதரி, ஆக இருவரும் சகலைகள். சானெதோமோவுக்குப் பிள்ளை இல்லை. அவர் அம்மா ஹோஜோ மசாகோ 1218இல் கியோட்டோவுக்கு வந்தபோது, கோ-தோபாவின் பிள்ளைகளில் ஒருவரை அடுத்த ஷோகனாக அனுப்புவது பற்றிப் பேச்சு நடந்தது. கியோட்டோ பக்கம் பேசியது கோ-தோபாவை வளர்த்த செவிலிக் குடும்பத்தைச் சேர்ந்த கானெகோ, செவிலித்தாயின் தங்கை. நாட்டின் பெரிய முடிவை இரண்டு மூதாட்டிகள் பேசித் தீர்த்திருக்கிறார்கள்.

1219 பிப்ரவரியில், காமாகுராவின் கோயில் படிகளில், சானெதோமோவை அவருடைய அண்ணன் மகனே வெட்டிக் கொன்றான். அதோடு கோ-தோபாவின் மனம் மாறிவிட்டது. மகனை அனுப்ப மறுத்துவிட்டார். கமெகிகு என்ற ஆடல்மகள்மேல் அவருக்கு மிகுந்த பிரியம், அவருக்குத் தந்திருந்த இரண்டு கிராமங்களில் காமாகுரா நியமித்த நில அதிகாரிகளை நீக்கச் சொன்னார். காமாகுரா ஆயிரம் குதிரை வீரர்களோடு தூதரை அனுப்பி, முடியாது என்றது. அந்த அதிகாரிகளை யோரிதோமோ நியமித்தார், காரணம் இல்லாமல் நீக்கினால் நாளைக்கு எந்த வீரன் காமாகுராவை நம்புவான் என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது.

1221இல் கோ-தோபா, காமாகுராவை நடத்திக்கொண்டிருந்த மசாகோவின் தம்பி ஹோஜோ யோஷிதோகியை ஒழிக்கும்படி ஆணை பிறப்பித்தார். பேரரசர் ஆணை என்றால் எதிர்த்து நிற்க யாருக்கும் துணிவு வராது என்று நம்பினார். ஜுந்தோகு போருக்குக் கைகொடுப்பதற்காகவே தன் இரண்டு வயது மகனுக்குப் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். சுச்சிமிகாதோ இதில் சேரவில்லை. காமாகுராவில் மசாகோ வீரர்களைக் கூட்டி, யோரிதோமோ உங்களுக்குச் செய்த நன்மை மலையைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று சொல்லவைத்தார். யோஷிதோகியின் மகன் யசுதோகி வெறும் 18 குதிரைக்காரர்களோடு கிளம்பினார், வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். மூன்று பாதைகளில் படை வந்தது, உஜி ஆற்றில் கடும் சண்டை, ஆணை பிறந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் கியோட்டோ விழுந்தது. ஜோக்யூ போர் என்று இதற்குப் பெயர்.

தண்டனை குடும்பம் முழுவதுக்கும். கோ-தோபா ஜப்பான் கடலில் உள்ள ஓகித் தீவுக்கு, ஜுந்தோகு சாதோத் தீவுக்கு, வேறு இரண்டு மகன்கள் தொலைவான மாகாணங்களுக்கு. இரண்டு வயதுப் பேரனின் பட்டம் 78 நாளில் பறிபோனது, அவனுக்குச் சூக்யோ என்ற பேரரசர் பெயர்கூட 1870இல்தான் கிடைத்தது. சுச்சிமிகாதோமேல் காமாகுராவுக்கு எந்தக் குறையும் இல்லை, அவர் கியோட்டோவிலேயே இருந்திருக்கலாம். அப்பா தீவில் கிடக்கும்போது நான் மட்டும் எப்படி இங்கே இருப்பது என்று தானாகவே கேட்டுத் தோசாவுக்குப் போனார், பிறகு ஆவாவுக்கு மாற்றினார்கள், 1231இல் அங்கேயே இறந்தார். தன்னை ஓரங்கட்டிய அப்பாவுக்காக இதைச் செய்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வென்றவர்கள் இன்செய்யைக் கலைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மேற்கே கூட்டிப்போன மொரிசாதா நினைவிருக்கிறதா? தம்பிக்குப் பட்டம் போய்விட்டதால் வாழ்நாளெல்லாம் ஒதுங்கியிருந்து, துறவியும் ஆகியிருந்தார். அவருடைய 9 வயது மகனைக் காமாகுரா பேரரசராக்கியது, கோ-ஹொரிகாவா என்று. சின்னப் பையன் அரியணையில் இருந்தால் இன்செய் நடத்த ஒரு அப்பா வேண்டுமே? ஒருநாளும் பேரரசராக இல்லாத மொரிசாதாவுக்கு 'விலகிய பேரரசர்' என்ற தகுதியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். பட்டமே ஏறாதவர் பட்டம் துறந்தவர் ஆனார். இன்செய் என்பது தகப்பன் என்ற உறவின்மேல் நிற்கும் ஆட்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கோ-தோபா தலை மழித்துத் துறவியானபின் ஓகிக்குப் போனார். போவதற்கு முன் ஓவியர் நொபுசானேயைக் கூப்பிட்டுத் தன் உருவத்தை வரையச் சொல்லித் தன் அம்மாவிடம் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவர் மிகவும் நேசித்த மாளிகை மினாசேயில் இருந்தது, அந்த இடத்தில் இப்போது இருக்கும் மினாசே கோயிலில் அந்த ஓவியம் இருக்கிறது. கமெகிகுவும் தீவுக்குக் கூடப் போனார். தீவில் கோ-தோபா எழுதிய பாடல் ஜப்பானில் பலருக்கும் தெரியும்: நானே இந்தத் தீவுக்குப் புதிய காவலன், ஓகிக் கடலின் முரட்டுக் காற்றே, பார்த்து வீசு. 18 ஆண்டுகள் அங்கே இருந்தார். ஷின் கோகின்ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு ஏறத்தாழ 400 பாடல்களை நீக்கி, இதுவே சரியான வடிவம் என்று எழுதிவைத்தார். 1239இல் தீவிலேயே இறந்தார்.

இறந்தவருக்கு முதலில் வைத்த பெயர் கெந்தோகு-இன். தூரத்தில் மனக்குறையோடு இறந்த பேரரசர்களுக்கு 'தோகு', அதாவது நற்குணம், என்ற எழுத்தை வைத்து ஆவியைச் சாந்தப்படுத்துவது வழக்கம், அந்தோகு, ஜுந்தோகு பெயர்களிலும் அது இருக்கிறது. அப்படியும் பெரிய மனிதர்கள் அடுத்தடுத்து இறந்ததால் அவருடைய கோபம் தணியவில்லை என்று பயந்து, 1242இல் கோ-தோபா என்று மாற்றினார்கள்.

அதே 1242இல் இன்னொன்றும் நடந்தது. மொரிசாதாவின் பேரன், பத்து வயதுப் பேரரசர் ஷிஜோ இறந்தான். பணிப்பெண்கள் வழுக்கி விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டு நடைபாதையில் பொடி தூவி, தானே வழுக்கி விழுந்தான் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அவனோடு அந்த வழி முடிந்தது. அரசவை ஜுந்தோகுவின் மகனைக் கொண்டுவரப் பார்த்தது. ஆனால் ஜுந்தோகு சாதோவில் உயிரோடு இருந்தார். மகன் பேரரசரானால் அப்பா திரும்பி வந்து இன்செய் நடத்துவாரே! காமாகுரா ஒத்துக்கொள்ளவில்லை. போரில் சேராத சுச்சிமிகாதோவின் மகனைத்தான் தேர்ந்தெடுத்தது. அவர் கோ-சாகா. 21 வயதுவரை சடங்குகூட ஒழுங்காக நடக்காமல், யாரும் கண்டுகொள்ளாமல், பாட்டி வீட்டில் இருந்தவர். ஜப்பானின் அதற்குப் பிந்தைய பேரரசர்கள் எல்லோரும் இவர் வழி வந்தவர்கள்தான்.

பாட்டி என்றால் சாய்ஷி, அந்தச் செவிலித்தாயின் மகள். கணவன் ஓகியில் இறந்ததையும், மகன் ஆவாவில் இறந்ததையும் கேட்டவர், பேரன் பட்டம் ஏறியதையும் பார்த்தார். 1257இல் அவர் இறக்கும்போது பேரன் அரியணையில் இல்லை. கோ-சாகா 1246லேயே மூன்று வயது நிரம்பாத தன் மகனுக்குப் பட்டம் கட்டிவிட்டு, விலகிய பேரரசராக ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார்.